தொடங்கியது தெரியும், முடிந்ததா? ஒரு ஹோஸ்டிங் சர்வரின் வார நாட்குறிப்பு

4 நவம்பர் 2024, திங்கள்

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அலுவலகம் நிரம்பிய முதல் நாள். வெள்ளிக்கிழமையன்று, கூட்டம் குறைவாக இருக்கும்போதே, பழைய ஷேர்டு ஹோஸ்டிங் சர்வரிலிருந்து எல்லாக் கணக்குகளையும் புதியதற்கு மாற்றியிருந்தோம். பழையதில் ஓடியது சென்ட்ஓஎஸ் 7. அதற்கான பராமரிப்பு 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒரு சர்வரில் அடுத்தவர் தொழிலை வைத்திருப்பது நியாயமில்லை. புதியதில் அல்மாலினக்ஸ் 8.

தளங்கள் திறக்கின்றன, மெயில் போகிறது, எஸ்எஸ்எல் சரியாக இருக்கிறது. ஆனாலும் காலையிலிருந்து அழைப்புகள் வந்தபடி இருந்தன. எல்லாம் ஒரே வகைப் புகார். குறித்த நேரத்தில் தானாக ஓடவேண்டிய வேலைகள் ஓடவில்லை.

முதலில் பேசியவர் ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரர். "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டாக் ரிப்போர்ட் மெயில்ல வந்துருமுங்க. சனிக்கிழமையில இருந்து வரலீங்க. காலையில அதப் பாத்துத்தான் தறிக்காரங்களுக்கு என்ன ஓட்டோணும்னு சொல்லுவேன்" என்றார். அவருக்கு அது ஒரு மெயில் அல்ல, அன்றைய நாளின் தொடக்கம்.

வழக்கமான வரிசையில் பார்த்தேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கி வைக்கும் கிரான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய வேலைப் பட்டியலான கிரான்டேப் பழைய சர்வரிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. தினமும் இரவு இரண்டு மணி என்று பொருள்படும் 0 2 * * * என்று தொடங்கும் வரியும் இருக்கிறது. கிரானின் லாக்கைத் திறந்தால், சனி, ஞாயிறு, இன்று மூன்று நாளும் அந்தக் கட்டளை ஓட்டப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. இரவுப்பணியில் இருந்த தம்பி டிக்கெட்டில் "லாக்கில் ஓடியிருக்கிறது, சர்வர் பக்கம் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தார்.

அவரை உட்காரவைத்துச் சொன்னேன். இந்தச் சர்வரில் உள்ள கிரானின் லாக், ஒரு வேலை தொடங்கி வைக்கப்பட்டதை மட்டும் எழுதும். அது முடிந்ததா, பாதியில் செத்ததா என்பதை எழுதாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பதால் அன்றைய வேலை முடிந்ததாக ஆகிவிடாது, அதுபோலத்தான்.

முடிந்ததா என்று காட்டவேண்டியது அந்த வேலையே வெளியிடும் செய்தி. அதை இந்த வரியின் கடைசியில் டெவ் நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். வெளியீடும் பிழைச் செய்தியும் சேர்ந்தே காணாமல் போகும் ஏற்பாடு. யாரோ ஒருவர் மெயில் தொல்லை வேண்டாம் என்று எப்போதோ சேர்த்தது, பத்து இடங்களுக்கு நகலாகியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, இரண்டு நிமிடம் தள்ளி ஓடுமாறு தற்காலிக வரி ஒன்றைப் போட்டேன். கோப்பில் ஒரே வரி வந்தது. பிஎச்பி என்ற கட்டளையே கிடைக்கவில்லை என்றது.

தளம் முழுக்கப் பிஎச்பியில்தான் ஓடுகிறது. லாகின் செய்து அதே கட்டளையைக் கையால் தட்டினால் பிஎச்பி எழுந்து நிற்கிறது. ஆனால் புதிய சர்வரில் அது இருக்கும் இடம் யூஸர் லோக்கல் பின். நாம் லாகின் செய்யும்போது அந்த இடம், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான நம் பாத்தில் தானாகச் சேர்ந்துவிடும். கிரான் தரும் பாத்தில் இருப்பவை யூஸர் பின், பின் ஆகிய இரண்டு மட்டுமே. பழைய சர்வரில் பிஎச்பி யூஸர் பின்னிலேயே இருந்ததால் சிக்கல் எழவில்லை. முழுப் பாதையை எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

5 நவம்பர், செவ்வாய்

ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. ஆனால் இன்று காரணம் கையில் இருக்கிறது, ஏனென்றால் கோப்பு பேசுகிறது. "ஈச்" என்ற ஃபங்ஷன் இல்லை என்று பிஎச்பி நின்றுபோயிருக்கிறது.

அந்த ஃபங்ஷன் பிஎச்பி 8-இல் நீக்கப்பட்டது. கடைக்காரரின் தளம் 7.4-இல் ஓடுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. பிரவுசர் வழியாக வரும் ஒவ்வொரு கோரிக்கையும் 7.4-க்குப் போகும். ஆனால் கிரான் பிரவுசர் வழியாக வருவதில்லை. அது நேராகச் சர்வரின் பொதுவான பிஎச்பியை எழுப்புகிறது, இங்கே அது 8.1. ஒரே கணக்கு, ஒரே நிரல், ஆனால் பகலில் ஒரு பதிப்பு, இரவில் இன்னொரு பதிப்பு. ஹோஸ்டிங்கில் சர்வர் மாறும்போதெல்லாம் தலைகாட்டும் கோளாறு இது. 7.4 இருக்கும் முழுப் பாதையைக் கிரான் வரியில் எழுதினேன். 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2022 நவம்பரோடு நின்றுவிட்டதால், நிரலைப் புதுப்பிக்கச் சொல்லி அவருடைய டெவலப்பருக்குத் தனியாக மெயில் அனுப்பினேன்.

மதியம் தம்பிக்குச் சோதிக்கும் முறையைக் காட்டினேன். "கையால் ஓட்டினால் ஓடுது அண்ணா, கிரான்ல ஓடலை" என்பது இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் வாக்கியம். கையால் ஓட்டும்போது நம் லாகின் அமைப்புகள் முழுவதும் கூட வருகின்றன. கிரான் அவற்றைப் படிப்பதில்லை. ஹோம், லாக்நேம், ஷெல், பாத் என்று சில மாறிகளை மட்டும் கொடுத்து, ஹோம் டைரக்டரியில் நிறுத்தி, எஸ்எச் ஷெல்லில் ஓட்டுகிறது. அதனால் நாமும் அதே நிலையில் சோதிக்கவேண்டும். "என்வ் -ஐ" என்று தொடங்கினால் எல்லா மாறிகளும் துடைக்கப்பட்டுவிடும். பிறகு அந்தச் சிலவற்றை மட்டும் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினால், இரவு இரண்டு மணிக்கு வரவேண்டிய பிழை மதியம் மூன்று மணிக்கே கண்ணெதிரில் வந்துவிடும். ஒரு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

6 நவம்பர், புதன்

ஈரோட்டிலிருந்து காலை எட்டு மணிக்கு அழைப்பு. "வந்துருச்சுங்க தம்பி. ஆனா ஏழரைக்குத்தான் வந்துது. நான் ஆறு மணிக்கே தறிப்பக்கம் போயிட்டேன்."

இரண்டு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் ஐந்தரை மணி. இந்தியாவில் சர்வர் பார்ப்பவருக்கு இந்த எண்ணைச் சொன்னாலே போதும். புதிய சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கிறது. பழையது இந்திய நேரத்தில் இருந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. கிரான்டேப்பின் தலையில் கிரான் டிஇசட் என்று எழுதி அந்தக் கணக்குக்கு மட்டும் இந்திய நேரம் கொடுக்கலாம். ஆனால் அது எப்போது தொடங்குவது என்பதை மட்டும்தான் மாற்றும். ஓடும் ஸ்கிரிப்டுக்குள் இன்றைய தேதி என்ன என்று கேட்டால், அது சர்வரின் நேரத்தையே சொல்லும். இந்திய நேரம் இரவு இரண்டு மணிக்கு யுடிசியில் முந்தைய நாள் இரவு எட்டரை. அன்றைய கணக்கு நேற்றைய தேதியில் விழும். இந்தச் சர்வரில் இருப்பவர்கள் எல்லாரும் பழைய சர்வரின் இந்திய நேரத்தை நம்பித்தான் தங்கள் வரிகளை எழுதியிருக்கிறார்கள். ஆகவே சர்வரையே ஏசியா கொல்கத்தாவுக்கு மாற்றி, கிரானை ரீஸ்டார்ட் செய்தோம். ஓடிக்கொண்டிருக்கும் கிரான் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் இந்த ரீஸ்டார்ட்டை விட்டுவிடக்கூடாது.

நேரம் சம்பந்தமாகவே இன்னொரு புகார், ஒரு பயிற்சி நிலையத்திடமிருந்து. மாதத்தின் முதல் திங்கட்கிழமை போகவேண்டிய கட்டண நினைவூட்டல் எஸ்எம்எஸ், ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் போகிறது. பெற்றோர்கள் கோபமாக இருக்கிறார்கள். இது சர்வர் மாற்றத்தால் வந்ததில்லை, அவர்கள் இந்த மாதம் புதிதாக எழுதிய வரி. 0 6 1-7 * 1 என்று இருந்தது. ஒன்று முதல் ஏழு வரையிலான தேதியில் வரும் திங்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். படிக்கவும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் எது பொருந்தினாலும் கிரான் ஓட்டிவிடும். அதாவது ஒன்று முதல் ஏழு வரை தினமும், அதற்கு மேல் எல்லாத் திங்களும்.

கிழமைப் புலத்தில் நட்சத்திரம் போட்டுவிட்டு, இன்று திங்களா என்ற கேள்வியைக் கட்டளையின் முன்னால் சேர்த்தேன். அதில் வரும் % குறிக்கு முன்னால் \ போடவேண்டும். கிரான்டேப்பில் தனியாக நிற்கும் % வரி முறிவாக எடுத்துக்கொள்ளப்படும், கட்டளை அந்த இடத்தோடு துண்டாகிவிடும். தேதியைக் கோப்பின் பெயராக வைக்க முயலும் பேக்கப் வரிகளில் பாதி இந்த இடத்தில்தான் விழுகின்றன.

7 நவம்பர், வியாழன்

இன்றைய நாளை மறக்கமாட்டேன்.

புகார் வராதவர்களையும் பார்த்துவிடுவோம் என்று, பேக்கப் எடுக்கும் கிரான் வரி உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பேக்கப் டைரக்டரியில் ஏழு கோப்புகள் இருந்தன, கிழமைக்கு ஒன்று. ஒவ்வோர் இரவும் பதினொரு மணிக்கு அன்றைய கிழமையின் பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்படும். தேதிகள் ஒழுங்காக இருந்தன, ஓர் இரவுகூட விடுபடவில்லை. அளவைப் பார்த்தேன். வியாழக்கிழமைக் கோப்பு 46 எம்பி. வெள்ளி 20 பைட். சனி 20 பைட். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் 20 பைட்.

20 பைட் என்பது எனக்குப் பழக்கமான எண். ஒன்றுமில்லாத உள்ளீட்டைக் கொடுத்தாலும் ஜிஜிப் தன் தலைப்பையும் வாலையும் எழுதி ஒரு முறையான கோப்பை உருவாக்கும். அதன் அளவு 20 பைட். உள்ளே எதுவும் இருக்காது.

நடந்தது இதுதான். மாற்றத்தின்போது டேட்டாபேஸ்கள் தனிச் சர்வருக்குப் போயின. தளத்தின் கான்ஃபிக் கோப்பில் புதிய முகவரி மாற்றப்பட்டது. பேக்கப் ஸ்கிரிப்டுக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றே எழுதியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மைசீக்வல் டம்ப் இணைப்பு கிடைக்காமல் தோற்றது. அதன் வெளியீடு பைப் வழியாக ஜிஜிப்புக்குப் போகிறது. பைப்பில் கோத்த கட்டளைகளில் கடைசியானதன் முடிவே மொத்தத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளப்படும். ஜிஜிப் வெற்றி, ஆகவே பேக்கப் வெற்றி. அடுத்த வரி, "பேக்கப் முடிந்தது" என்று ஒவ்வோர் இரவும் எழுதியிருக்கிறது.

மிச்சமிருந்த ஒரே நல்ல கோப்பு அக்டோபர் 31-ஆம் தேதியுடையது. இன்று வியாழன். இரவு பதினொன்றுக்கு அதன் மேலும் 20 பைட் எழுதப்பட்டிருக்கும். உடனே அதை வேறு சர்வருக்கு நகலெடுத்தோம். டேட்டாபேஸிலிருந்து கையால் புதிய பேக்கப் எடுத்தோம். பிறகு ஸ்கிரிப்டைத் திருத்தினோம். பைப்பின் எந்த இடத்தில் தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் அமைப்பைத் தலையில் போட்டோம். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, சரிபார்த்த பிறகே பழைய கோப்பின் இடத்துக்கு மாற்றும்படி செய்தோம். மைசீக்வல் டம்ப் முழுமையாக முடிந்தால் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்று ஒரு குறிப்பு எழுதும். அந்த வரி இல்லாத கோப்பை ஏற்காதே என்று சேர்த்தோம்.

பள்ளியின் கணக்காளர் மேடத்திடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். ஒரு பதிவும் போகவில்லை என்று சொன்ன பிறகும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "ஃபீஸ் ரிஜிஸ்டர் முழுசும் அதுலதான் இருக்குதுங்க சார்" என்றார்.

மாலையில் தம்பிக்கு கிட்லேப் நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். 2017 ஜனவரி 31 அன்று, அங்கே ஓர் எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், அது இருக்கவேண்டிய எஸ்3 சேமிப்பிடம் காலி. பேக்கப் கருவி போஸ்ட்கிரஸ் 9.2, டேட்டாபேஸ் 9.6. பதிப்பு பொருந்தாமல் தினமும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் கிரான் மெயில்களும், மெயில் சரிபார்ப்பு முறையான டிமார்க் சரியாக இல்லாததால் நிராகரிக்கப்பட்டன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால், ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. அவர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் நாம் இன்று கற்றுக்கொள்ள முடிகிறது. தோல்வியைச் சொல்ல ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, அந்தச் செய்தி ஒரு மனிதரின் கைக்கு வந்து சேரவேண்டும்.

8 நவம்பர், வெள்ளி

ஒவ்வொரு மணியும் தொடங்கும் நிமிடத்தில் சர்வர் மூச்சுத் திணறுகிறது. மற்ற நேரத்தில் அமைதி. எல்லாருடைய கிரான் வரியும் பூஜ்ஜியத்தில் தொடங்குவதுதான் காரணம். முழு மணியும் அரை மணியும் எல்லார் மனதிலும் முதலில் வரும் நேரங்கள். அவசரமில்லாத வேலைகளை 7, 19, 43 என்று கலைத்துப் போடும்படி வாடிக்கையாளர்களுக்கு எழுதினோம்.

ஒரு கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒத்திசைவு வேலை, முடிய எட்டு நிமிடம் எடுக்கிறது. முந்தையது முடிந்ததா என்று கிரான் பார்ப்பதில்லை, நேரம் வந்தால் அடுத்ததைத் தொடங்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, எல்லாம் மெதுவாகி, இன்னும் ஏறுகிறது. கட்டளைக்கு முன்னால் எஃப்லாக் -என் சேர்த்தோம். பூட்டு ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தால் புதியது தொடங்காமல் விலகிவிடும்.

இன்னொரு கணக்கில் இடம் இருக்கிறது, ஆனால் கோப்பு எழுத முடியவில்லை. வேர்ட்பிரஸ் தளம். வேர்ட்பிரஸ் தன் குறித்த நேர வேலைகளைத் தளத்துக்கு ஆள் வரும்போதுதான் பார்க்கும். ஆள் வராத இரவில் எதுவும் நடக்காது. அதற்காக, அந்த வேலைகளைத் தொடங்கும் வேர்ட்பிரஸ் கோப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூகெட் கொண்டு தட்டுமாறு யாரோ அமைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் டபிள்யூகெட் ஒவ்வொரு முறையும் பதிலை ஒரு கோப்பாகச் சேமிக்கும். பதில் காலியானாலும் கோப்பு உருவாகும். பெயரின் வாலில் .1, .2, .3 என்று நீளும். நாளுக்கு 288, ஆண்டுக்கு 1,05,120. ஒவ்வொன்றும் பூஜ்ஜியம் பைட், ஆனால் ஒவ்வொன்றுக்கும், கோப்பின் விவரங்களை வைக்கும் ஐநோடு ஒன்று தேவை. கணக்கின் ஐநோடு வரம்பு நிறைந்துவிட்டது. அவற்றை அழித்துவிட்டு, கட்டளை வரியிலிருந்தே பிஎச்பியை அழைக்கும்படி மாற்றினோம்.

9 நவம்பர், சனி

சில்லறைக் கோளாறுகள். ஒரு பயனரின் பாஸ்வேர்டு காலாவதியானதால், பயனர்களைச் சரிபார்க்கும் பேம் அனுமதி மறுத்து, அவருடைய எல்லா வேலைகளும் நின்றிருந்தன. கிரான் டி டைரக்டரியில் வைத்த ஒரு கோப்பில், ஐந்து நேரப் புலங்களுக்குப் பிறகு வரவேண்டிய பயனர் பெயர் இல்லை. தம்பி இரண்டையும் தானே கண்டுபிடித்தார். கிரான்டேப்பைத் திருத்த -ஈ, அழிக்க -ஆர், இரண்டும் விசைப்பலகையில் அடுத்தடுத்த விசைகள் என்பதையும், -ஆர் எதையும் கேட்காமல் அழித்துவிடும் என்பதையும் சொல்லி, எல்லாக் கணக்குகளின் கிரான்டேப்பையும் தினமும் நகலெடுக்க வைத்தேன்.

"இவ்வளவு பிரச்சினை இருக்கிற ஒன்றை ஏன் அண்ணா இன்னும் வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். கிரான் 1970-களில் பெல் லேப்ஸின் யுனிக்ஸோடு வந்தது. 1987-இல் பால் விக்ஸி புதிதாக எழுதியதன் வழிவந்ததுதான் இன்று நம் சர்வரில் இருக்கும் கிரோனி. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, நேரம் வந்த வேலையைத் தொடங்கி வைப்பது மட்டுமே அது தரும் வாக்கு. அனுமதியும் சரியான வரியும் இருந்த இடத்தில் அந்த வாக்கை அது இந்த வாரம் ஒருமுறைகூட மீறவில்லை. முடிந்ததா என்று பார்ப்பது எப்போதுமே நம் பொறுப்பு.

11 நவம்பர், திங்கள்

ஈரோட்டு ரிப்போர்ட் இன்றும் சரியாக இரண்டு மணிக்குப் போயிருக்கிறது.

பள்ளியின் நேற்றைய பேக்கப்பை ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்தோம். டேபிள்கள் அனைத்தும் வந்தன, சனிக்கிழமை போட்ட கடைசி ரசீது வரை இருந்தது. இனி மாதம் ஒருமுறை இப்படி ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு.

முக்கியமான ஒவ்வொரு வேலையும் வெற்றியாக முடிந்தால் மட்டும் ஒரு நேரக்குறியை எழுதும். அதை வேறொரு சர்வர் கண்காணிக்கும். தினசரி வேலையின் குறி 26 மணி நேரத்துக்கு மேல் பழையதானால், பணியில் இருப்பவரின் போன் அடிக்கும். தோற்றால் செய்தி வரும் என்று நம்பி உட்காராமல், வெற்றிச் செய்தி வராவிட்டால் எழுந்து பார்ப்பது என்று முறையை மாற்றியிருக்கிறோம். செய்தி அனுப்பும் வழியே அடைபட்டாலும் இது பிடித்துவிடும்.

சர்வர் பார்க்கும் எவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பேக்கப் டைரக்டரிக்குப் போய்க் கோப்புகளின் தேதியைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். பிறகு ஒன்றை எடுத்து ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை இருக்கிறது என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாதீர்கள்.